கூண்டுக்குள் ஒரு பொன்னாடை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் மதிப்புரை எழுதிய புத்தகங்களில் சரிபாதியை முழுதாகப் படித்ததில்லை. முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுவில் விரல் விழுந்த இடத்தில் ஒரு பக்கம். இந்த மூன்றை வைத்துக்கொண்டு 'நடையில் ஆங்காங்கே ஒரு தளர்வு தென்படுகிறது' என்று தைரியமாக எழுதிவிடலாம். எவர் நடையிலும் ஆங்காங்கே ஒரு தளர்வு இருக்கத்தான் செய்யும். (சம்பந்தப்பட்ட ஆசிரியர்களே கடிதம் போட்டு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.) கல்லூரி நூலகனாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு, சிற்றிதழ்களில் விமர்சகன் என்று பெயரும் வாங்கிக்கொண்டு, இருபது வருடத்துக்கு மேல் இப்படியே ஓட்டிவிட்டேன். ஒருவரும் பிடிக்கவில்லை. பிடிபட்டது ராஜபாளையம் ரோட்டில் உள்ள ஒரு கல்யாண மண்டபத்தில், கம்பிவலைக் கூண்டுக்குள், ஆயிரம் பேர் முன்னிலையில்.

கல்யாண மண்டபத்தில் கூண்டு எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயம். எம்.எம்.ஏ. சண்டை என்று ஒன்று இருக்கிறது. குத்து, உதை, மல்யுத்தம், கையை முறுக்குவது, கழுத்தைப் பூட்டுவது என்று தனித்தனியாகச் செய்தாலே போலீஸ் வரக்கூடிய காரியங்களை ஒரே இலையில் பரிமாறும் விளையாட்டு. கலப்புத் தற்காப்புக் கலை என்று தமிழில் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை யாரும் தற்காத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

இதில் என் மனைவியின் தம்பி மகன் ஜெபசிங் இறங்கிவிட்டான். பி.காம். முடித்தவன். விடிகாலையில் எழுந்து ஓடுகிறானே, பையன் போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறான் என்று குடும்பமே ஜெபித்துக்கொண்டிருந்தபோது, அவன் ராஜபாளையத்தில் ஒரு பயிற்சிக்கூடத்தில் கழுத்துப் பூட்டு கற்றுக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா சாமுவேல் கரிவலம்வந்தநல்லூரில் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர். இஸ்திரி போடாத சட்டையோடு அவரை அவருடைய மனைவியே பார்த்ததில்லை என்று சொல்வார்கள். எதுவானாலும் எழுத்தில் வேண்டும் அவருக்கு. வீட்டில் இட்லிக்கு மாவு தீர்ந்துபோனால்கூட ஒரு விண்ணப்பம் எதிர்பார்ப்பார் என்று என் மனைவி சொல்வாள்.

அப்பாவுக்கும் மகனுக்கும் மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு என் முன்னிலையில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. சங்கரன்கோவிலில் நடக்கும் தொழில்முறைச் சண்டையில் ஜெபசிங் ஒரே ஒரு தடவை மோதலாம். ஜெயித்தால் பெங்களூருக்குப் போய் இரண்டு வருடம் பயிற்சி எடுக்கலாம். தோற்றால் அப்பாவின் பள்ளியில் காலியாக இருக்கும் எழுத்தர் வேலையில் அடுத்த திங்கட்கிழமை சேர்ந்து, வாழ்நாள் முழுவதும் வருகைப் பதிவேடு எழுதவேண்டும்.

"நான் வரமாட்டேன்" என்றார் சாமுவேல். "பெத்த பிள்ளைய எவனோ போட்டு மிதிக்கத டிக்கெட் எடுத்துப் பாக்க எனக்குக் கிறுக்கா?"

"அப்ப ஜெயிச்சனா தோத்தனான்னு எப்படி தெரியும்?" என்று கேட்டான் ஜெபசிங்.

"நீ சொன்னா நம்பமாட்டேன். பத்தாங்கிளாஸ்ல கணக்கு மார்க்க நீ எப்படிச் சொன்னேன்னு எனக்கு ஞாவகம் இருக்கு." சாமுவேல் என் பக்கம் திரும்பினார். "அத்தான், நீங்க போங்க. ஒரு புஸ்தகத்துக்கு எப்படி விமர்சனம் எழுதுவியளோ, அப்படி இதுக்கும் எழுதித் தாங்க. உங்க வார்த்தைய வச்சு நான் முடிவு பண்ணுதேன்."

நான் அந்த இடத்தில் மறுத்திருக்க வேண்டும். ஆனால் ஒரு விமர்சகனிடம் 'உங்கள் வார்த்தையை வைத்து முடிவு பண்ணுகிறேன்' என்று யாராவது சொன்னால் அவன் எங்கே மறுப்பான்? என் வார்த்தையை வைத்து அதுவரை ஒருவர் ஒரு புத்தகம்கூட வாங்கியதாகத் தகவல் இல்லை.

நிகழ்ச்சியை உள்ளூரில் பொறுப்பெடுத்து நடத்தியவர் மைக் செட் செல்லத்துரை. கோயில் கொடை, தேவாலய அசன விருந்து, கட்சிக் கூட்டம், காதணி விழா எதுவானாலும் ஒலிபெருக்கியும் அவருடையதுதான், தொகுப்புரையும் அவருடையதுதான். சண்டைக்கு ஒரு விமர்சனம் எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், சும்மா வந்து உக்காந்துட்டுப் போனா எப்படி? நம்ம ஊர்ல ஒரு ஃபங்ஷன்னா எழுத்தாளர் ஒருத்தர் வேணும்லா. நாலாவது சண்டைல ஜெயிக்கவருக்கு நீங்கதான் பொன்னாட போத்துதிய. அப்படியே ரெண்டு வார்த்த."

நம்மூரில் பொன்னாடை இல்லாமல் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கவும் முடியாது, முடிக்கவும் முடியாது. சென்னையிலிருந்து வந்த நடுவர் இதெல்லாம் விதிமுறையில் இல்லையே என்று சொல்லிப் பார்த்தார். செல்லத்துரை அவருக்கு ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். அதன்பிறகு அவர் பேசவில்லை.

சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். மேடையில் மதியம் முடிந்த வளைகாப்பின் பூ அலங்காரம் அப்படியே இருந்தது. அதற்கு முன்னால் எண்கோணக் கூண்டு. சிவப்பு மூலைக்காரர்கள் மணமகன் அறையிலிருந்தும் நீல மூலைக்காரர்கள் மணமகள் அறையிலிருந்தும் வரவேண்டும் என்று ஏற்பாடு. மணமகள் அறைக்குள் போகமாட்டேன் என்று ஒரு வீரன் அரைமணி நேரம் வாசலிலேயே நின்றதாகவும், ஏ.சி. அங்கேதான் வேலை செய்கிறது என்று தெரிந்ததும் போய்விட்டதாகவும் கேள்வி.

சென்னை நடுவர் என்னிடம் நான்கு பக்க விதிமுறைப் பிரதி ஒன்றைக் கொடுத்தார். நான் முதல் பக்கத்தைப் படித்தேன். கடைசிப் பக்கத்தைப் படித்தேன். நடுவில் விரல் விழுந்த இடம் இரண்டாம் பக்கம். கண்ணில் குத்தக்கூடாது, கடிக்கக்கூடாது என்று இருந்தது. நல்ல விஷயங்கள்தான் என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மூன்றாம் பக்கம் மட்டும்தான் பாக்கி.

முதல் சண்டை தொடங்கியதும் நான் நோட்டைத் திறந்து 'உருவம், உள்ளடக்கம், உத்தி' என்று மூன்று தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டேன். நிமிர்ந்தால் சண்டை முடிந்திருந்தது. ஒருவன் மல்லாந்து கிடந்தான். 'கச்சிதமான படைப்பு' என்று எழுதிக்கொண்டேன்.

பக்கத்து நாற்காலியில் பனவடலிசத்திரத்திலிருந்து வந்திருந்த ஓர் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். ஆட்டு வியாபாரம். என் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"என்ன வே, பரீச்சையா எழுதுதீரு? குனிஞ்சு குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தா எவன் யாரை அடிச்சான்னு எப்படித் தெரியும்?"

"நான் விமர்சகர்" என்றேன்.

"சரி, சரி. ஒவ்வொருத்தருக்கும் ஒரு கஷ்டம்" என்றார்.

இரண்டாவது சண்டை மூன்று சுற்றும் முழுதாக நடந்தது. ஒருவன் முகமெல்லாம் ரத்தம். இவன்தான் தோற்றவன் என்று நான் முடிவு கட்டியபோது நடுவர் அவன் கையைத் தூக்கினார். ஜெயித்தவன் நேராகப் போய்த் தோற்றவனைக் கட்டிக்கொண்டு முதுகில் மூன்று தடவை தட்டிக் கொடுத்தான். மண்டபமே கைதட்டியது. எனக்கும் கண் கலங்கியது. 'வென்றவன் தோற்றவனைத் தட்டிக் கொடுப்பது இவ்விளையாட்டின் உயர்ந்த மரபு. நம் ஊர்க் கபடியிலும் காண்கிறோம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கம் இல்லை.

மூன்றாவது சண்டையின்போது நான் கூண்டுக்குள் பேசவேண்டிய இரண்டு வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டிருந்தேன். (எழுதி முடித்தபோது இரண்டரைப் பக்கம் வந்திருந்தது.) ஆகவே அந்தச் சண்டையைப் பற்றிக் கருத்து இல்லை.

நான்காவது ஜெபசிங்குடையது. மணமகன் அறையிலிருந்து வந்தான். தூக்கி வளர்த்த பையன், கையில் மெல்லிய உறை மாட்டி, பல்லில் ஏதோ கவசம் கடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். போகும்போது ஒரு பார்வை பார்த்தான். 'மாமா, ஒழுங்கா பாருங்க' என்று அதற்கு அர்த்தம். நோட்டை மூடிவிட்டேன். என் விமர்சன வாழ்க்கையில் ஒரு படைப்பை முதலிலிருந்து கடைசிவரை கண்ணெடுக்காமல் பார்த்தது அன்றுதான். அதில்தான் இந்தக் கூத்து.

எதிராளி ராயகிரி முத்துப்பாண்டி. ஜெபசிங்கைவிட அரை அடி அகலம் அதிகம். முதல் சுற்றில் நம் பையனைத் துரத்தித் துரத்திக் குத்தினான். இரண்டாம் சுற்றில் அப்படியே தூக்கித் தரையில் அடித்து மேலே ஏறிப் படுத்துவிட்டான். கீழே மல்லாக்க ஜெபசிங். மேலே முத்துப்பாண்டி. நம் பையன் இரண்டு கையாலும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காலால் இடுப்பைப் பின்னிக்கொண்டு தொங்கினான். தண்ணீரில் விழுந்தவன் காப்பாற்ற வந்தவனைக் கட்டிக்கொள்கிற மாதிரி எனக்குத் தெரிந்தது. சிறிது நேரம் அப்படியே இருந்தார்கள். பிறகு மேலே இருந்த முத்துப்பாண்டி கையை எடுத்து, ஜெபசிங்கின் விலாவில் தட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று.

'போதும்லே தம்பி, நல்லா வெளையாடுன' என்று அவன் சொல்வது எனக்குக் காதிலேயே கேட்டது.

நடுவர் பாய்ந்து பிரித்தார். ஜெபசிங் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். மண்டபத்தில் ஒரே கூச்சல். அண்ணாச்சி நாற்காலிமேல் ஏறி நின்று துண்டைச் சுழற்றினார். ஊர்ப் பையன் தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு மனசு விட்டுப்போனது.

கடமை என்று ஒன்று இருக்கிறதே. கூச்சல் கேட்காத இடமாகப் பந்திக்கூடத்துக்குப் போய்க் கைகழுவும் தொட்டிப் பக்கம் நின்று சாமுவேலுக்கு போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சாமுவேல், முடிஞ்சிட்டு. தோத்துட்டான்."

நிம்மதிப் பெருமூச்சு வரும் என்று காத்திருந்தேன்.

"எப்படி?" என்றார்.

"ரெண்டாவது ரவுண்டு. கீழ போட்டு அமுக்கிட்டான். பெருந்தன்மையான ஆளு, தட்டிக் குடுத்துட்டுத்தான் எந்திரிச்சான்."

"நீங்க முழுசாப் பாத்தியளா?"

"கண்ண எடுக்காமப் பாத்தேன்."

"அழுதானா?"

"ஆமா" என்றேன். போன் வைக்கப்பட்டுவிட்டது.

நான் திரும்பி உள்ளே வரும்போது செல்லத்துரையின் குரல் மண்டபத்தை நிறைத்துக்கொண்டிருந்தது. "வெற்றி வீரருக்குப் பொன்னாடை போர்த்த, நம் மண்ணின் மைந்தர், சொல்லேர் உழவர், விமர்சன வேந்தர் அவர்களைக் கூண்டுக்கு அழைக்கிறோம்!" ஜெயித்தவர் பெயரை அறிவித்து, கையைத் தூக்கிக் காட்டிய சடங்கெல்லாம் நான் கைகழுவும் தொட்டிப் பக்கம் நின்றபோதே முடிந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்ததை எத்தனை தடவை சொல்வது என்று செல்லத்துரை வெறுமனே 'வெற்றி வீரர்' என்றார்.

கூண்டுக்குள் நுழைந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனேன். (அந்த மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.) ஒருபக்கம் ஜெபசிங், கண் சிவந்து, என்னைப் பார்த்துச் சிரித்தபடி. பாவம், சமாளிக்கிறான் என்று நினைத்தேன். சொந்தக்காரன் என்பதற்காக ஒரு விமர்சகன் நடுநிலை தவறலாமா? முகத்தைத் திருப்பிக்கொண்டு, நேராக முத்துப்பாண்டியிடம் போய்ப் பொன்னாடையை விரித்துத் தோளில் போர்த்தினேன்.

மண்டபம் அமைதியானது. என் பேச்சுக்காகத்தான் என்று நினைத்தேன்.

முத்துப்பாண்டி கழுத்தைத் தடவிக்கொண்டே என் காதில் சொன்னான். "சார், நான் தோத்துட்டேன் சார்."

மைக்கில் சொன்னேன்: "பார்த்தீர்களா, வென்றபின்னும் தோற்றேன் என்று சொல்கிற இந்த அடக்கம்!"

நடுவர் அருகில் வந்தார். "சார், அவர் டேப் பண்ணிட்டார்" என்றார்.

"டேப்புன்னா?"

"தட்டிட்டார் சார்."

"பாத்தேன், பாத்தேன். நல்ல பண்பு" என்றேன்.

பிறகு ஜெபசிங்கிடம் போய் அவன் முதுகில் தட்டினேன். ஆறுதலாக, தாழ்ந்த குரலில்தான் சொன்னேன். கையில் மைக் இருந்தது மறந்துபோயிற்று. "வெசனப்படாதலே. திங்கக்கெழம எழுத்தர் வேலைல சேந்துரலாம். அப்பாட்ட சொல்லிட்டேன்." செல்லத்துரையின் எட்டு ஒலிபெருக்கிகளும் அதைக் குறையில்லாமல் ராஜபாளையம் ரோடுவரை கொண்டுபோய்ச் சேர்த்தன.

ஜெபசிங்கின் சிரிப்பு அப்போதுதான் போனது. "மாமா! அப்பாட்ட என்ன சொன்னிய?"

முன்வரிசையிலிருந்து அண்ணாச்சி எழுந்தார். அவருக்கு மைக் தேவைப்படவில்லை. "ஏ வே! ஒம்ம பயதான்வே ஜெயிச்சான்! கீழ கெடந்தே மேல இருக்கவன் கழுத்தப் பூட்டிட்டான்! விட்டுருன்னு சொல்லத்தான் அவன் தட்டுனான்! நீரு என்னத்தவே பாத்தீரு?"

மூன்றாம் பக்கத்தில் அதுதான் எழுதியிருந்ததாம். மூச்சு முட்டுகிறவன் மூன்று தடவை தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

ஆயிரம் பேர் சிரிப்பதை நான் அதற்குமுன் கேட்டதில்லை. மதிப்புரைகளுக்கு அப்படி நடக்காது. போர்த்திய பொன்னாடையைத் திரும்ப எடுக்கலாம் என்று கையை நீட்டினேன். முத்துப்பாண்டி அதற்குள் அதை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். ஒரு நுனியைப் பிடித்து லேசாக இழுத்தேன். அவனும் இழுத்தான். அட்டவணையில் இல்லாத அந்த மோதல் நான்கு வினாடி நீடித்தது. ராயகிரிக்கு அன்று கிடைத்த ஒரே வெற்றி.

வெளியே ஓடிவந்து சாமுவேலுக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அவருடைய மனைவி எஸ்தர் எடுத்தாள்.

"எண்ணே, என்ன சொன்னிய அவுகளுக்கு? சட்டகூட போடாம வண்டிய எடுத்துட்டு அங்கனதான் வாராக!"

மகனைக் கையோடு இழுத்துப்போய் ஞாயிற்றுக்கிழமையே பதிவேட்டைக் கையில் கொடுத்துவிடுவார். அந்த ஆள் ஒன்றை முடிவு செய்துவிட்டால் பிறகு அழித்து எழுதும் வழக்கம் இல்லை. என் ஒரு வார்த்தையால் பையனின் பெங்களூர் போயே போய்விட்டது. ஜெபசிங் மண்டப வாசலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சண்டையில் ஜெயித்தவன் மாதிரி இல்லை, என் மருமகன் மாதிரி இருந்தான்.

இருபது நிமிடத்தில் சாமுவேல் வந்துவிட்டார். லுங்கி, கைவைத்த பனியன், ஒரு காலில் மட்டும் செருப்பு. வாசலில் இருந்த மகனைக் கவனிக்கவில்லை. என்னையும் கவனிக்கவில்லை. நேராக உள்ளே நடந்து, ஐந்தாவது சண்டை நடந்துகொண்டிருக்கும்போது, நடுவர்களின் மேசைமுன் போய் நின்றார்.

"யாரு இங்க பொறுப்பு? நாலாம் நம்பர் சண்ட. எம் பிள்ள ஜெபசிங். மறுமதிப்பீடு வேணும்."

மேசையில் இருந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கீழ கெடந்தா தோத்ததா அர்த்தமா? எந்த ரூல்ல இருக்கு? எட்டு மாசமா விடிகாலைல நாலு மணிக்கு எந்திரிச்சு ஓடுனான். அவன் ஓடிட்டு வாரவரைக்கும் நான் வீட்டுக் கேட்டுப் பக்கத்துலயேதான் நிப்பேன், அவனுக்குத் தெரியாது. ஒருநா தவறல. அவன் எப்படித் தோப்பான்? விண்ணப்பம் எழுதிட்டு வந்திருக்கேன்." லுங்கி மடிப்பிலிருந்து முழுநீளத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். பொருள் என்று போட்டு அடிக்கோடுகூட இருந்தது. வண்டியை எடுப்பதற்குமுன் எப்படியோ எழுதியிருக்கிறார்.

மூவரில் ஒருவர் முடிவுத் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். சாமுவேல் கண்ணாடி கொண்டுவரவில்லை. தாளைத் தூரமாகப் பிடித்துப் படித்தார். மறுபடி படித்தார். கையெழுத்துகளைச் சரிபார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், என்னைத்தான். அந்தப் பார்வைக்கு நான் இதுவரை மதிப்புரை எழுதவில்லை.

பின்னால் ஜெபசிங் நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். "அப்பா" என்றான்.

சாமுவேல் அப்போதுதான் தன் லுங்கியைக் குனிந்து பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு தலைமையாசிரியராக முயற்சி செய்தார். பனியனோடு அது சரியாக வரவில்லை.

"ஜெயிச்சாப் போன்னுதான சொன்னேன்? போ" என்றார். கொஞ்சம் கழித்து, "வீங்கியிருக்கு பாரு. ஐஸ் வைக்கச் சொன்னாங்களா இல்லயா?"

நான் மெல்ல அருகில் போய், "சாமுவேல், அந்த விமர்சனம்... எழுதிரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அத்தான். நானே பாத்துக்கிட்டேன்" என்றார். அவர் அன்று ஒரு சண்டையைக்கூடப் பார்க்கவில்லை.

என்னுடைய தப்பான தகவலால்தான் அப்பாவும் மகனும் சேர்ந்தார்கள், சரியாகச் சொல்லியிருந்தால் சாமுவேல் வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு 'சரி'யோடு முடித்திருப்பார் என்று பிற்பாடு வீட்டில் பலமுறை எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அந்த வாதத்தை யாரும் ஏற்கவில்லை. எங்கள் குடும்பத்தில் இப்போது யாருக்காவது பரீட்சை முடிவு வந்தால், ரத்தப் பரிசோதனை முடிவு வந்தால், என்னை மட்டும் தாண்டி எல்லார் கைக்கும் அந்தத் தாள் போகிறது.

ஜெபசிங் பெங்களூர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை ஐந்து சண்டை, மூன்றில் வெற்றி. ஒவ்வொன்று முடிந்ததும் மரியாதையாக எனக்கு போன் பண்ணிவிடுவான். போன மாதமும் பண்ணினான்.

"மாமா, ஜெயிச்சிட்டேன். அப்பாட்ட நானே சொல்லிக்கிடுதேன்."